வந்துட்டியா மாமா

கன்னியப்பன் செத்து ஏழாவது மாதம் அம்பிகா ஒரு சினிமாவில் நடித்தாள். ஆசைப்பட்டுப் போனவள் இல்லை. ஷூ கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து மிஷினில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற அம்பரீன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"ஞாயித்துக்கெழமை வீட்ல உக்காந்து இன்னா பண்ணப் போற? சும்மா கூட்டத்துல நிக்கணும், அவ்ளோதான். நாலு பேரு மூஞ்சியப் பாத்தா உனக்கும் நல்லா இருக்கும்."

அம்பிகாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. மகள் ஹேமலதாவுக்கு மூன்று. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

படத்தின் பெயர் 'பதினெட்டாம் சுரங்கம்'. நவாபு காலத்துப் புதையலைத் தேடிக் கதாநாயகன் மலை மலையாகத் தாவிச் சண்டை போடுகிற கதை. வில்லன் ஒரு ஊரையே அடிமையாக்கிச் சுரங்கம் வெட்டவைக்கிறான். துரத்தல் காட்சிகளையெல்லாம் ஏலகிரியில் எடுத்து முடித்துவிட்டு, சுரங்க வாசலுக்காக ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் மூடிக் கிடந்த, தோல் பதனிடும் பழைய டேனரி ஒன்றைப் பிடித்திருந்தார்கள்.

அந்த கேட்டுக்குள் நுழைந்ததுமே அம்பிகாவின் கால் தயங்கியது. மூடிப் பல வருஷம் ஆகியும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் ஊறிய வாடை சுவரை விட்டுப் போகவில்லை. கன்னியப்பன் வேலை முடிந்து வரும்போது சட்டையில் கொண்டுவருகிற வாடை அது.

அவன் வேறொரு டேனரியில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தான். கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்க இறக்கிவிட்டார்கள். உள்ளே கிடந்த காற்றை இரண்டு மூச்சு இழுத்தவன் அப்படியே சரிந்தான். தூக்கப் போன இன்னொருவனும் மேலே வரவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம், பார்க்கிற மாதிரி இல்லை என்று கூடப் போனவர்கள் சொல்லிவிட்டார்கள். நேராகச் சுடுகாடு. அம்பிகா பார்க்கவும் இல்லை, அழவும் இல்லை. கண் காய்ந்து கிடந்தது. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று கன்னியப்பனின் அக்கா எல்லம்மா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். காரியம் நடந்த அன்றைக்கும் அழுகை வரவில்லை. தனக்குள் ஏதோ செத்துப்போய்விட்டது என்று அம்பிகாவே நினைத்துக்கொண்டாள்.

படப்பிடிப்பில் மத்தியானம் வரை கூட்டத்தோடு நின்றார்கள். மண்வெட்டியைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். ஓடச் சொன்னார்கள், ஓடினார்கள். சாப்பாடு முடிந்த பிறகு உதவி இயக்குநர் ஒருவர் வந்து, "யாருக்கும்மா நல்லா அழ வரும்?" என்று கேட்டார். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிச் சிரித்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "இவ புருசன் இப்பத்தான் செத்தான் சார்" என்று சொல்லிவிட்டாள். உதவி இயக்குநர் அம்பிகாவை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு முன்னால் கூட்டிப் போனார். அவள் புருஷனைப் பற்றி அவர் இயக்குநரிடம் சொன்னாரோ இல்லையோ, தெரியாது.

இயக்குநர் தன்மையாகத்தான் பேசினார். "பயப்படாதம்மா. சுரங்கத்துக்குள்ள போன உன் வீட்டுக்காரரைப் பொணமாக் கொண்டாந்து போட்டிருக்காங்க. நீ ஓடி வர்ற, துணிய எடுக்கற, பாக்கற. அழற. அவ்வளவுதான்."

தரையில் வரிசையாக ஐந்தாறு பேர் பிணமாகப் படுத்திருந்தார்கள். அவள் ஓடி வந்து, காட்டின இடத்தில் மண்டிபோட்டுத் துணியை விலக்கினாள். ஒல்லியான ஒரு வாலிபன். முகம், கழுத்து, தலைமயிர் எல்லாம் சாம்பல் நிறச் சேறு. முற்றத்திலிருந்த பழைய தொட்டியிலிருந்தே அள்ளிப் பூசியிருந்தார்கள். அந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. ஏழு மாதமாக யாரும் திறந்து காட்டாத முகம் கண்ணெதிரே இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் அவள் கையில் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் மார்பில் அடித்தாள், தன் தலையில் அடித்தாள், சேற்றைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். இயக்குநர் "கட்" சொன்னது காதில் ஏறவில்லை. இரண்டாவது தரமும் சொன்னார். மூன்றாவது தரம் மைக்கில் சொன்னார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. படுத்திருந்தவன் பயந்துபோனான். கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, "அக்கா, அக்கா, அழாதக்கா. நான் உயிரோடதான் இருக்கேன்" என்றான்.

அம்பிகா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்தது திறந்தபடி இருக்க, கண்ணில் நீர் கொட்ட, முகம் முழுக்க ஒரு வெளிச்சம் வந்தது.

"வந்துட்டியா மாமா!"

ஒரு நொடி யாரும் மூச்சுவிடவில்லை. அப்புறம் குடையின் கீழ் உட்கார்ந்திருந்த கதாநாயகன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் மொத்த யூனிட்டும் சிரித்தது. ஒளிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்பரீன் மட்டும் ஓடி வந்து அவளை இழுத்து மடியில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தாள். சாயங்காலம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூலி கொடுத்து அனுப்பினார்கள்.

யார் எப்படிச் சிரித்தால் என்ன, அந்த ஒரு நொடி அவன் வந்திருந்தான். அம்பிகா அதை யாரிடமும் சொல்லவில்லை.

படம் அடுத்த வருஷம் வந்தது. கம்பெனியில் அவள் லைனில் வேலைசெய்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தியேட்டருக்குப் போனார்கள். சுரங்க வாசல் வந்தது, கதாநாயகன் பாய்ந்து வந்து வில்லனின் ஆட்களை அடித்தார். பிணங்களும் இல்லை, அழுகிறவளும் இல்லை. "எங்கடி உன் சீனு?" என்று இடைவேளையில் எல்லோரும் கேலி செய்தார்கள். அம்பிகா சிரித்து மழுப்பினாள். படம் இரண்டு வாரத்தில் தியேட்டரை விட்டுப் போனது.

அத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டியது. அம்பரீனின் தம்பி ஷோயப் பஜாரில் டிவிடி கடை வைத்திருந்தான். சில மாதம் கழித்து அந்தப் படத்தின் ஒரிஜினல் அவன் கடைக்கு வந்தது. ஒரே உறையில் இரண்டு தட்டு. ஒன்றில் படம், மற்றதில் படம் எடுத்த விதம், பேட்டிகள், சண்டைப் பயிற்சி, நீக்கப்பட்ட காட்சிகள். "அக்கா, உன் அம்பிகா இதுல இருக்காங்க" என்று அவன் போன் செய்ய, அம்பரீன் ஷிஃப்ட் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்கே போனாள். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

முதலில் நீக்கப்பட்ட காட்சி. அம்பிகா ஓடி வந்து துணியை விலக்கினாள். அவள் அழுகைச் சத்தத்தைக் குறைத்து, அதன் மேல் இயக்குநரின் குரல் பேசியது. "படத்தோட வேகம் இங்க குறையுதுன்னு எடிட்டர் சொன்னார். மனசே இல்லாம எடுத்தோம். அந்தம்மா யாருன்னே தெரியல, உள்ளூர்க்காரங்க. என்ன நடிப்பு பாருங்க!" கூடவே கதாநாயகனின் குரல், "சார், கதைய முழுசாச் சொல்லுங்க சார்" என்றது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முழுக் கதை அடுத்த பகுதியில் இருந்தது. 'படப்பிடிப்பில் சிரித்தவை' என்று தலைப்பு. கதாநாயகன் கயிற்றில் தலைகீழாக மாட்டிக்கொண்டது, வில்லன் வசனம் மறந்தது, இவற்றுக்கு நடுவே பிணம் எழுந்து உட்கார்ந்தது. 'வந்துட்டியா மாமா' என்ற இடத்தில் படத்தை நிறுத்தி, கொட்டுச் சத்தம் போட்டு, இன்னும் இரண்டு முறை அதையே காட்டினார்கள். கடையில் நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அம்பரீனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி அம்பிகாவைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷோயப் தட்டை வெளியே எடுத்தான். "நான் வாடகைக்கு வுடமாட்டேங்க்கா. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

"என்னாண்ட டிவிடி பொட்டி இல்ல ஷோயப். இங்கயே இருக்கட்டும்" என்றாள் அம்பிகா.

அதற்குப் பிறகு எப்போதாவது, இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் வருவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். ஷோயப் அந்த இரண்டாவது தட்டைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, வெளியே போய் நிற்பான். சேறு பூசின அந்த முகம் கண்ணைத் திறந்து எழுந்து உட்காரும். பார்த்துவிட்டு, "வர்றேம்ப்பா" என்று சொல்லிக் கிளம்பிவிடுவாள். சில வருஷத்தில் டிவிடி வாங்க ஆள் இல்லாமல் ஷோயப் மொபைல் ரீசார்ஜ் கடைக்கு மாறினான். தட்டு கீறல் விழுந்து ஓடாமல் போனது. அம்பிகாவும் பஸ்ஸைப் பிடிக்கவும் பிள்ளையைப் படிக்கவைக்கவும் ஓடின ஓட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதை விட்டாள்.

படம் வந்து பதின்மூன்று வருஷம் கழித்து யாரோ ஒருவர் தன்னிடமிருந்த அந்தத் தட்டிலிருந்து சிரிப்புக் காட்சிகளை இன்டர்நெட்டில் ஏற்றினார். இன்னொருவர் அதிலிருந்து அம்பிகாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கீழே மஞ்சள் எழுத்தில் 'வந்துட்டியா மாமா!' என்று போட்டு வாட்ஸாப் ஸ்டிக்கராக்கினார். கரண்ட் போய் வந்தால் அந்த ஸ்டிக்கர். ஊருக்குப் போன தோஸ்த் திரும்பினால் அந்த ஸ்டிக்கர். மழை வந்தால், பஸ் வந்தால், பரீட்சை ரிசல்ட் வந்தால், எல்லாவற்றுக்கும் அதுதான்.

அம்பிகா அதை முதலில் பார்த்தது கம்பெனியின் லைன் குரூப்பில். நாலு நாளாக வராமல் இழுத்தடித்த சோல் லோடு வந்து சேர்ந்த அன்றைக்கு சூப்பர்வைசர் கோபி அதை அனுப்பியிருந்தான். அவனுக்கு இருபத்தெட்டு வயது, நல்ல பையன். அது தன் லைனில் தைக்கிற அம்பிகாக்காவின் முகம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? படத்தில் இருந்தவள் தலைவிரிகோலமாக, சேறும் கண்ணீருமாக இருந்தாள். இங்கே இருந்தவள் கண்ணாடி போட்ட, நரைத்த, நாற்பதைத் தாண்டினவள். அம்பிகா போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையிலிருந்த அப்பரைத் தைத்து முடித்தாள்.

தெரியாமலே போயிருக்கும். பழைய ஆள் ஒருத்தி கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். ஒரே வாரத்தில் கம்பெனி முழுக்கப் பரவியது. காலையில் அவள் பஞ்ச் பண்ண வரும்போது, "வந்துட்டியா மாமா!" என்று கட்டிங் செக்‌ஷனிலிருந்து குரல் வரும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர்களுக்கு அது பெருமை. தங்கள் லைனில் ஒரு பிரபலம். சின்னப் பெண்கள் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, ஒரே ஒரு தரம் அந்த மாதிரி மூஞ்சிய வெய்யிக்கா" என்று போனை நீட்டினார்கள். அம்பிகா சிரித்துவிட்டு நகர்ந்தாள். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அம்பரீன்தான் எழுந்து கத்தினாள். "அல்லா பேரால சொல்றேன், இனிமே எவளாவது சிரிச்சீங்கன்னா செருப்பு பிஞ்சிடும். அது நடிப்பு இல்லடி! அவ புருசன் தொட்டியில செத்தான். செத்த மூஞ்சியக்கூட அவ பாக்கல. அன்னிக்கு அவன் எந்திரிச்சு வந்துட்டான்னு நெனச்சா. அதைப் பாத்துத்தான் இளிக்கிறீங்க."

கோபி எழுந்து வந்து, "சாரிக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது" என்றான். அதற்குப் பிறகு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். அவள் மிஷின் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். முன்பு அவர்கள் சிரித்தபோது ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். இதைத் தாங்க முடியவில்லை. "ஏன் சொன்ன? அது என்னாண்ட மட்டும் இருந்துச்சு" என்று அம்பரீனிடம் கேட்டாள்.

வீட்டில் அதைவிட மோசம். ஹேமலதா வேலூரில் காலேஜ் இரண்டாம் வருஷம். அந்த ஸ்டிக்கர் அவள் போனிலும் இருந்தது. இரண்டு வருஷமாகத் தோழிகளுக்கு அவளும் அனுப்பிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் வேலைசெய்கிற ஒருத்தியின் மகள் அவள் வகுப்பில் படித்தாள். அவள் மூலமாகச் சேதி அங்கே போனது. அன்று சாயங்காலம் ஹேமலதா வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள்.

"இது நீயாம்மா?"

அம்பிகா தலையாட்டினாள்.

"ஏம்மா சொல்லல? நானே எத்தினி பேருக்கு அனுப்பிச்சேன் தெரியுமா? நானே..." பெண் பையைக் கழற்றிக் கீழே போட்டாள். அப்புறம், "அந்த மாமான்றது அப்பாவா?" என்று கேட்டாள்.

"ம்."

"அப்பா செத்தப்ப இப்பிடித்தான் அழுதியா?"

"அப்ப அழல" என்றாள் அம்பிகா. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்காது. ஹேமலதா தாயையே பார்த்தாள். மூன்று வயதில் இழந்த அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில் இல்லை. கல்யாண போட்டோ ஒன்றுதான். அப்பனுக்காக அழாத அம்மா யாரோ ஒரு நடிகனைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள் என்பதுதான் அப்போது அவள் மனதில் விழுந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, "அழிக்க முடியுமான்னு பாக்கலாம்மா" என்றாள்.

சைபர் கிரைம் போலீசில் கம்ப்ளைன்ட் கொடுக்கப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நடிக்கும்போது கையெழுத்துப் போட்டீர்களா என்றார். போட்டேன் என்றாள். என்ன எழுதியிருந்தது? படிக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். "வீடியோவை எடுக்கச் சொல்லி எழுதலாம்மா. ஆனா இந்த ஸ்டிக்கர் எத்தனை லட்சம் போன்ல இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எந்தப் போன்லேருந்து போய் அழிக்கறது?" பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மேஜைமேல் இருந்த போன் ஒளிர்ந்தது, அதைச் சட்டென்று எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதில் வந்ததும் அந்த ஸ்டிக்கர்தானோ என்று ஹேமலதாவுக்கு முகம் சிவந்துபோனது.

படக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. ஹேமலதா தேடித் தேடி இயக்குநருக்குச் செய்தி அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து அவரே போனில் கூப்பிட்டார். வயதான குரல். அந்தப் படத்துக்கு அப்புறம் அவருக்கு வேறு படமே அமையவில்லையாம்.

"உங்கம்மாவா? அட கடவுளே! நல்லா இருக்காங்களா?" என்று உண்மையான சந்தோஷத்தோடு கேட்டார். "மூணு வருஷம் ராத்திரி பகலா உழைச்சு எடுத்த படம்மா அது. மலைமேல சண்டை, சுரங்கம், வெடிகுண்டு, எதுவும் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. நாங்க வெட்டிப் போட்ட அந்த ஒரு துண்டுதான் இன்னிக்கும் உயிரோட இருக்கு. என் பேரப்பசங்களே அனுப்புறாங்க. அம்மாகிட்ட சொல்லு, அவங்க பெரிய ஆர்ட்டிஸ்ட்டுன்னு."

ஹேமலதா திட்டுவதற்காக எழுதி வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. போனைத் தாயிடம் கொடுத்தாள். அம்பிகா அதைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, அன்னிக்குப் பொணமா படுத்துருந்த பையன் பேரு இன்னா?"

"யாரு? அந்த எந்திரிச்சவனா? ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டும்மா. ஏஜென்ட்டு கூட்டியாந்திருப்பான். பேரெல்லாம் எங்க..." அவர் யோசித்தார். "தெரியலம்மா. இருக்கானோ இல்லையோ. எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான் ஐயா."

அந்த வருஷக் கடைசியில் அம்பிகா கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். இப்போது வீட்டில் உட்கார்ந்தபடி அப்பருக்குக் கைத்தையல் போடுகிறாள். வாரம் இரண்டு தரம் வண்டியில் மூட்டை வரும், தைத்ததை எடுத்துப் போவார்கள். அம்பரீன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். டீ குடிப்பார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். மற்றதைப் பேசமாட்டார்கள்.

ஹேமலதா படித்து முடித்துச் சென்னையில் ஒரு ஆபீசில் சேர்ந்து, ஹாஸ்டலில் இருக்கிறாள். தாயின் முகத்தை அங்கே யாருக்கும் காட்டவில்லை. வீடியோவில் கூப்பிடுவதில்லை, குரல் மட்டும்தான். போன வாரம் கூப்பிட்டபோது அவள் குரல் சரியாக இல்லை.

"இன்னா பாப்பா? உடம்பு சரியில்லயா?"

"இல்லம்மா." அவள் மெதுவாகச் சொன்னாள். "ஆபீஸ் குரூப்ல மேனேஜர் அதை அனுப்பிச்சாரும்மா. லீவு முடிஞ்சி ஒருத்தர் வந்தாருன்னு. எல்லாரும் சிரிப்பு பொம்மை போட்டாங்க. நான் மட்டும் போடாம இருந்தா ஏன்னு கேப்பாங்கன்னு..."

அம்பிகா ஊசியை அப்பரில் குத்தி வைத்தாள்.

"நானும் சிரிப்பு போட்டேம்மா."

"பரவால்ல பாப்பா. நீ இன்னா பண்ணுவ" என்றாள் அம்பிகா. சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள் மகள். போனை வைத்த பிறகு, வண்டி வருவதற்குள் முடிக்க வேண்டிய மீதி ஜோடிகளைத் தைக்க உட்கார்ந்தாள்.